குரல்: ஐரீன் சவரிநாதன்

பாட்டு நின்ற பிறகு வாசல் பக்கம் யாரோ "ம்" என்றார்கள்.

ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத் தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, ஐரீன் திரும்பிப் பார்த்தாள். வெயில் இறங்காத பிற்பகல். கணவர் சவரிநாதன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அதற்கு அப்பால் சந்தில் ஒரு நாய்கூட இல்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் மட்டும் சுவரைத் தொட்டுத் தொட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த "ம்" லாரிச் சத்தம் இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால், தெருவில் ஆடிக்கொண்டிருக்கிற பையன் ஆட்டத்தை விடாமல், காதில் விழுந்துவிட்டது என்று காட்ட மட்டும் தொண்டைக்குள் ஒன்று போடுவானே, அந்த "ம்".

"யாரு?" என்றாள்.

யாருமில்லை. பக்கத்து வீட்டு ஆன்சியின் டிவியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்கிற நிம்மதிதான். அவள் செய்துகொண்டிருந்தது நாலு பேர் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. ஊரெல்லாம் அவளுடைய குரல் என்று கொண்டாடுகிற ஒரு குரலைப் போலப் பாடுவதற்கு, கதவைப் பூட்டிக்கொண்டு, அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டின் அட்டை நாவல்பழ நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு நங்கூரம், நங்கூரத்தின் வளையத்துக்குள் ஒரு கண். 'பர்ப்பிள் ஆங்கர் – ஆரம்பப் பாடல்கள்' என்று நெளிநெளியான எழுத்து. பின்பக்கம், துறைமுகச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும் நாலு பையன்கள்: தோள்வரை முடி, அகலக் கால்சட்டை, உலகத்தையே விழுங்கிவிடுகிற மாதிரி பார்வை. அதில் ஒல்லியாக, பேஸ் கிட்டாரை அணைத்துக்கொண்டிருப்பவர் சவரிநாதன். மற்ற மூன்று பேரும் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பாட்டுகளின் வரிசை. அதில் 'அக்கரை' என்ற பாட்டுக்கு நேராக, பொடி எழுத்தில்: குரல் – ஐரீன் சவரிநாதன்.

எல்லாம் கார்குழலி என்கிற பெண் வந்ததில் தொடங்கியது. வியாசர்பாடிப் பெண், பழைய டேப்புகளைத் தேடித் தேடிச் சுத்தம் செய்து வெளியிடுவது அவள் வேலை. லீட் கிட்டார் வாசித்த அலெக்ஸாண்டரின் வீட்டுப் பரணில், பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த டேப்புச் சுருள்களை எடுத்து, அந்தப் பையன்கள் அந்தக் காலத்தில் மாதா கோயிலின் பாரிஷ் ஹாலில் பதிவு செய்திருந்த பாட்டுகளை ஒன்றாகத் தொகுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இவர்கள் வீட்டு ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சவரிநாதனிடம் கேட்டாள்.

"அங்கிள், இந்த 'அக்கரை'ல பின்னாடி ஒரு லேடி வாய்ஸ் வருதே, அது யாரு? டேப்ப திருப்பி ஓட்டி சேத்துகீறீங்க, இல்ல? செம்மயா கீது. கைல முடி நிக்குது பாருங்க."

சவரிநாதன் சுவரிலிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பிறகு, டீ டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "தோ, இவதான்" என்றார்.

நானா, என்று ஐரீன் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் எழுந்து, டீ தளும்ப அவளைக் கட்டிக்கொண்டுவிட்டது. "ஆன்ட்டி! நீங்களா! சொல்லவே இல்ல!"

ஐரீன் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த காரியம். கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் கடைசி வரிசையில் நின்றவள். ஒரு தடவையாவது தனியாகப் பாடு என்று யாரும் சொன்னதில்லை. அந்தச் சிரிப்பை விழுங்கிவிட்டு, இல்லைம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று ராத்திரி கேட்டாள். "இன்னாங்க, யாரு குரல் அது?"

"எவளோ ஒருத்தி. கோயர்ல வந்துகினு இருந்தா. பேரு மறந்துட்சி. வுடுடி."

அந்தப் பாட்டை மட்டும் முதலில் இணையத்தில் விட்டார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மஸ்கட்டிலிருந்து மகள் டெபோரா வீடியோவில் வந்து அழுதாள். "மம்மி, உன் வாய்ஸ் கேட்டு என்னால தாங்க முடில. உன் பேத்தி ஸ்கூல்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுறா. எங்க பாட்டின்னு." போனை வைத்துவிட்டு ஐரீன் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றாள்.

பிறகு கார்குழலி முதல் ரெக்கார்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பேசினாள். சனிக்கிழமை சாயந்திரம் அதே பாரிஷ் ஹாலில் வெளியீட்டு விழா. "நீங்க ரெண்டே ரெண்டு வரி பாடணும் ஆன்ட்டி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அதனால்தான் இந்தப் பழக்கம். அந்தக் குரலில் வார்த்தை கிடையாது. திருப்பி ஓட்டிய டேப்பு என்பதால் ஒவ்வொரு சத்தமும் வாலில் தொடங்கித் தலையில் அறுந்தது. முதல் நாள் முழுக்க ஐரீனுக்கு அது பிடிபடவில்லை. மூச்சை வெளியே விட்டுப் பாடினால் அந்தச் சத்தம் வராது, உள்ளே இழுத்துப் பாட வேண்டும் என்பது அவளுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. விக்கி விக்கி அழுகிற குழந்தை இழுக்குமே, அப்படி. இழுத்தாள். அச்சு அசலாக அதே குரல். தொண்டை காய்ந்து, நாக்கின் அடியில் உப்புக் கரித்தது.

அப்போதுதான் வாசலில் அந்த "ம்".

சவரிநாதன் மீன் பையோடு திரும்பி வந்தபோது ஆன்சி தன் வீட்டுப் படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாக்கா, பாட்டுக்காரி ஆனதும் வாசல்ல பன்னீர் தெளிக்கறீங்களா? வழுக்கி வுழ இருந்தேன்."

இவர்கள் வாசற்படியில் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை; அடியில் மணல் படிந்திருந்தது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எல்லா வாசனையும் தெரியும்: கருவாடு, டீசல், சாயந்திரமானால் மணலிப் பக்கமிருந்து வருகிற கேஸ் நெடி. இது எதுவும் இல்லை. கரையை அறியாத தண்ணீரின் வாசனை. இருட்டின், குளிரின், மிக ஆழத்தின் வாசனை.

சவரிநாதன் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "ஐஸ் தண்ணி. மீன் பைலருந்து சிந்திகீது" என்றார். பையில் இருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மறுநாள் பாடிக்கொண்டிருக்கும்போதே, சந்தின் கோடியிலிருந்து ஈரக் கால் நடந்து வருகிற சத்தம். பளச். பளச். அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. பயந்துபோய் ரெக்கார்டை உறைக்குள் போட்டு, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போனது. புழுக்கத்தில், விசிறி மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஹால் நாற்காலியில் கண்ணயர்ந்தாள். தூக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் குறட்டை உண்டு. அந்தக் குறட்டையில் மூச்சு உள்ளே இழுபடும்போது, அது தன் குறட்டை மாதிரி இல்லை என்று தூக்கத்துக்குள்ளேயே அவளுக்குத் தெரிந்தது. யாரையோ கூப்பிடுகிறோம் என்று தெரிந்தது.

"வர்றேம்மா."

காதுக்குப் பக்கத்தில். குரல் உடைந்துகொண்டிருக்கிற வயசுப் பையனின் குரல்.

விழித்தாள். இருட்டு. ஒருவரும் இல்லை. மின்சாரம் வந்ததும் தரையைப் பார்த்தாள். பூட்டிய கம்பிக் கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் ஈரப் பாதங்கள், விரல்கள் எல்லாம் உள்நோக்கி. திரும்பிப் போனதற்கு அடையாளம் இல்லை. நாற்காலியின் வலப்பக்கம், ஒருவன் குந்தி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பதியுமோ, அப்படி இரண்டு பாதங்கள் மட்டும் ஆழமாக, நிறைய மணலோடு.

அவள் துடைத்தாள். சவரிநாதன் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது? கெட்ட காரியம் பண்ணிவிட்டுத் தடயத்தை மறைக்கிறவளைப் போல, மண்டி போட்டு, புடவைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் கார்குழலி போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"ஆன்ட்டி, உங்க டிராக்க நான் திருப்பிப் போட்டுப் பாத்தேன். அதாவது நேரா. ஒப்பாரி ஆன்ட்டி அது! சத்தியமா அழுதுட்டேன். பதினாறு வயசுல எப்டி அப்டிப் பாடுனீங்க? வாட்ஸாப்ல போட்டுகீறேன், கேளுங்க."

ஐரீன் போனைக் காதில் ஒட்டிக் கேட்டாள். இரைச்சல். பறைச் சத்தம் தூரத்தில். பெண்கள் பலர் மூக்கை உறிஞ்சுவது. பிறகு அந்தக் குரல், முதல் தடவையாக முன்பக்கம் நடந்து வந்தது.

"கரைக்கு வந்த மீனுக்கெல்லாம் கண்ணு கீதே எம் மவனே, கரைக்கு வராத உன்ன நான் எந்தக் கண்ணால தேடுவேன்... செல்வமே... நான் பெத்த செல்வமே..."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பாவாடை சட்டை போட்டிருந்த காலத்தில், தினமும் காலையில் மீன் கூடையோடு வந்து, "ஐரீனு, அம்மாவ கூப்டு, சங்கரா கீது" என்று வாசலில் கத்துகிற குரல். குப்பத்துத் தாயம்மா. அவளுடைய மூத்த பையன் செல்வம் கடலுக்குப் போய் வரவில்லை. உடம்பு கிடைக்கவில்லை.

சவரிநாதன் பின்கட்டில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் நீட்டினாள். ஒரு வரி ஓடியதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கப்பாவோட மைக் செட்டு. சாவு வூட்டுக்கு நான்தான் எட்த்துனு போவேன். அழற பொம்பளைங்க நடுவுல மைக்க வெப்பாங்க, தெருவே கேக்கணும்னு. செல்வம் சாவுல ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால டேப் ரெக்கார்டர சொருகிட்டேன். அலெக்ஸுதான் சொன்னான், வெளிநாட்ல இப்டித்தான் திருப்பி ஓட்டறாங்க மச்சான், நம்மளும் பண்லாம்னு. சின்னப் பசங்க. இன்னா தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் கத்தியை எடுத்து மடக்கினார். "ஹால்ல மொத தபா வாசிச்ச அன்னிக்கு வந்துகீது. கூடையோட கடைசில நின்னுகினு இருந்துச்சி. முட்சதும் வந்து கேட்டுது. தம்பி, அது எங்கொரல்தானேன்னு. நான் இல்லம்மா, அது மிசின்னேன். பசங்க சிரிச்சானுங்க. அது சிரிக்கல. எம் புள்ளய திருப்பி வுடாதப்பா, பாதி வழி போயிட்டான்னு சொல்ட்டு கூடைய தூக்கினு போய்ட்ச்சி."

"எம் பேர ஏன் சொன்னீங்க?"

"தாயம்மான்னுதான் வாய்ல வந்துச்சி. சாவு வூட்டு அழுகைய திருடுன நாயின்னு சொல்லுவாங்களேன்னு முழுங்கிட்டேன். நீ எதுர்ல நின்ன."

நுரை காய்ந்து அவர் கன்னத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அவர் சொன்ன பொய்யை உடுத்திக்கொண்டு கோயில் வாசலில் நின்றவள் அவள்தானே.

"நான் சனிக்கிழம மேடைல சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லு" என்றார் அவர், தலை தூக்காமல். "ஆனா டெபோராவும் பாக்கும். வீடியோல போடறாங்க."

வெள்ளிக்கிழமை ஐரீன் பஸ் பிடித்து எர்ணாவூருக்குப் போனாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில், விசாரித்து விசாரித்து, தாயம்மாவின் மகள் வரலட்சுமியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். காலில் விழுந்தாவது முதலில் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்த வரலட்சுமி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "பேப்பர்ல வந்தீங்களே! பாட்டுக்காரம்மா! அய்யோ, எங்க வூட்டுக்கா? குந்துங்கம்மா, குந்துங்க." பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். சுவரில் தாயம்மா சட்டத்துக்குள் இருந்தாள், பொட்டும் மாலையுமாக.

"கொரோனால போய்ட்ச்சி. உங்க வூட்டுக்கு மீனு போட்டத சொல்லும்மா. அந்தூட்டு பொண்ணு ஐரீனு தங்கமானதும்பா."

ஐரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்கண்ணன்..." என்று தொடங்கினாள்.

"செல்வம் அண்ணனா? நான் கைக்கொழந்த. எனுக்கு மொகமே தெரியாது." வரலட்சுமி தரையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். "எங்கம்மா அதுக்கப்பறம் அழுததே இல்ல, தெரியுமா? எங்கப்பன் செத்ததுக்குக்கூட. கடல்ல போனவனுக்கு மூணே நாளுதான் அழணும். மூணாம் நாளு கரைல சோறு வெச்சிட்டு, கடலுக்கு முதுவக் காட்டி நடந்துறணும். அதுக்கு மேல பெத்தவ வாய தொறந்தா, போறவன் அம்மா கூப்டறான்னு நின்னுடுவானாம். திரும்பிடுவானாம். திரும்பி வர்றவன் போனவன் மாரி இருக்க மாட்டான்மா. அதான் எங்கம்மா அப்டியே முழுங்கிட்ச்சி. அம்பது வருசம் முழுங்கிட்ச்சி." பாக்கைக் கடித்தாள். "அத்த வுடுங்க. நீங்க ஒரு வரி பாடுங்கம்மா. அம்மா படத்துக்கு முன்னால. சந்தோசப்படும்."

சட்டத்துக்குள்ளிருந்து தாயம்மா பார்த்தாள்.

"தொண்ட சரியில்லம்மா" என்றாள் ஐரீன். எழுந்துகொண்டாள். சொல்ல வந்தது ஒன்றும் சொல்லப்படவில்லை. வரலட்சுமி படிவரைக்கும் வந்து, பை நிறைய காய்ந்த நெத்திலியைக் கையில் திணித்து அனுப்பினாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஜன்னலோரத்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஐரீன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஏறியவர்கள் எல்லாம் அதன் அருகே வந்து, குனிந்து பார்த்து, "ஈரமா கீதுப்பா" என்று நகர்ந்து போனார்கள். கடைசிவரைக்கும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை. டெபோரா அனுப்பிய பணத்தில் வாங்கிய இளநீலப் பட்டு. பாரிஷ் ஹால் முழுக்க முடியை விதவிதமாக வெட்டிக்கொண்ட இளசுகள், கோயில் ஆட்கள், ஆன்சியின் குடும்பம். மேடையில் சவரிநாதனுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. எதிரே ஒரு ஸ்டாண்டில் நிறுத்திய போனில், சின்னச் சதுரத்துக்குள், டெபோராவும் பேத்தியும் கை அசைத்தார்கள்.

கார்குழலி மைக்கைக் கொடுத்தாள். "ஆன்ட்டி, உங்களுக்காகத்தான் எல்லாரும் வெய்ட் பண்றாங்க."

ஐரீன் உட்கார்ந்தபடியே மைக்கைப் பிடித்தாள். சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம். இது என் குரல் இல்லை, தாயம்மாவுடையது. அவ்வளவுதான். ஹால் அடங்கியது. மின்விசிறிகளின் சத்தம். வெளியே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு நீண்ட ஹாரன். சவரிநாதன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரத்துக்குள்ளிருந்து பேத்தியின் குரல், இரைச்சலோடு: "கமான், பாட்டி!"

எல்லா முகமும் சிரித்தது. அவளுக்காக. வாழ்நாளில் முதல் தடவையாக, அவளுக்காக.

"இது..." என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. சொன்ன பிறகு இந்த முகங்கள் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்தாள்.

தாயம்மாவின் குரல் ஹாலை நிறைத்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரத்தில், அன்று தாயம்மா கூடையோடு நின்ற இடத்தில், ஒருவன் நின்றான். மெலிந்தவன். அரை டிராயர். மேலுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் சொட்டியது.

நிறுத்த நினைத்தாள். மூச்சை விட்டால்தானே நிறுத்த. உள்ளேதான் போனது. போய்க்கொண்டே இருந்தது.

அவன் நடுப்பாதையில் வந்தான். பளச். பளச். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவன் தாண்டும் வரிசையில் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள், தரையைப் பார்த்தார்கள், மூக்கைத் தேய்த்தார்கள். ஆன்சி செருப்பை உதறினாள்.

மேடைப் படி. முதல் படி. இரண்டாம் படி.

சவரிநாதன் தலை தூக்கினார். அவருக்குத் தெரிந்தது. வாய் கோணியது. அவர் வாயிலிருந்தும் பெயர் வரவில்லை.

அவன் அவள் முன்னால் குந்தினான். குழந்தை மாதிரி. தலையை அவள் மடியில் வைத்தான். கனம். ஈர மூட்டையின் கனம். பட்டில் தண்ணீர் இறங்கியது. இளநீலம் கறுத்தது. மடி நனைந்து, முழங்கால் நனைந்து, கணுக்கால் வழியாக வழிந்து மேடையில் ஓடியது.

முன்வரிசையில் யாரோ "அய்யோ பாவம், வயசாய்ட்ச்சில்ல, அடக்க முடில" என்றார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கார்குழலி ஒரு துண்டைத் தேடினாள். சதுரத்துக்குள் டெபோரா பேத்தியின் கண்ணைப் பொத்தினாள்.

எழுந்துகொள்ள முடியவில்லை. மடியில் தலை.

அது மெல்லத் திரும்பியது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. குழிகளில் மணல்.

"எம்மா" என்றான். சந்தேகத்தோடு.

கையைத் தூக்கினான். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். பார்வையில்லாதவன் தடவிப் பார்ப்பது போல அவள் முகத்தைத் தடவினான். நெற்றி. இது இல்லை. மூக்கு. மூக்குத்தி இல்லை. கன்னம். இல்லை. இல்லை.

விரல்கள் உதட்டுக்கு வந்தன. நின்றன. அங்கேயிருந்துதான் அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

மூச்சு உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்க, திறந்தபடியே கிடந்த அந்த வாய்க்குள், ஒரு விரல், இன்னொரு விரல், பிறகு மணிக்கட்டுவரை அந்தக் கை, மிகவும் பொறுமையாக, மிகவும் ஆசையாக, உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கிற அம்மாவைத் தேடிக்கொண்டு இறங்கியது.